வளரும் கண்ணும் கிட்டப்பார்வையும்

கரும்பலகையில் எழுதியிருப்பது தெரியவில்லை என்று ஒரு மாணவி எப்போது வாய் திறந்து சொல்கிறாள்? பெரும்பாலும் அவள் சொல்வதே இல்லை. கண்ணை இடுக்கிப் பார்க்கிறாள். பக்கத்தில் இருப்பவளின் நோட்டைப் பார்த்து எழுதுகிறாள். எதையாவது காரணம் காட்டி முன் பெஞ்சுக்கு வந்துவிடுகிறாள். சில மாதங்கள் சென்ற பின்னரே ஆசிரியை கவனிக்கிறார். அதன் பிறகு பெற்றோர் கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்கின்றனர். கண்ணாடி வருகிறது. ‘இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறது’ என்று வீட்டில் நாம் பேசிக்கொள்கிறோம். உண்மையில் அது ஆரம்பம் அன்று. கண்ணுக்குள்ளே ஓராண்டுக்கும் மேலாக நடந்துவந்த ஒரு காரியத்தின் விளைவுதான் அன்று கரும்பலகையில் தெரிகிறது.

அந்தக் காரியம் என்ன? அதை முன்கூட்டியே கண்டுகொள்ள வழி உண்டா? இவ்வினாவுக்கு விடை தேடி உலகிலேயே மிக அதிகமான சிறுவர் சிறுமியரின் கண்களை அளந்த நாடுகளுள் முதன்மையானது சீனம். அங்கு நடந்த அளவீடுகளைக் கொண்டு இந்தப் பாடத்தைப் படிப்போம்.

வீட்டில் ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடி இருந்தால் அதை எடுத்துக்கொண்டு, சன்னலுக்கு எதிரே உள்ள சுவர் அருகில் நில்லுங்கள். லென்சுக்குப் பின்னே ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து முன்னும் பின்னும் நகர்த்துங்கள். ஓரிடத்தில் சன்னலும் அதற்கு அப்பால் உள்ள மரமும் தலைகீழாக, சிறிதாக, மிகத் தெளிவாகத் தாளில் விழும். அந்த இடத்திலிருந்து தாளைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளினால் போதும், மரம் கலங்கிவிடும். நம் கண்ணும் இதே அமைப்புத்தான். முன்னால் உள்ள கார்னியாவும் அதற்குள் உள்ள விழிலென்சும் சேர்ந்து ஒரு குவிலென்சாக வேலை செய்கின்றன. பின்னால் உள்ள விழித்திரைதான் தாள். கண் நீண்டுவிட்டால் தாள் பின்னுக்குப் போய்விட்டது என்று பொருள். தொலைவில் உள்ள பொருளின் பிம்பம் விழித்திரைக்கு முன்னாலேயே குவிந்துவிடுகிறது. இதுவே கிட்டப்பார்வை.

உருப்பெருக்கியின் தாள் அரை அங்குலம் நகர்ந்தால் தெரியும் கலக்கம், கண்ணில் மிகச் சிறிய நகர்விலேயே வந்துவிடும். ஏனெனில் கண்ணின் மொத்தத் திறன் சுமார் 60 டயாப்டர். அவ்வளவு வலிமையான லென்சுக்குப் பின்னால் விழித்திரை ஒரே ஒரு மில்லிமீட்டர் தள்ளிப்போனால் ஏறக்குறைய இரண்டரை டயாப்டர் கிட்டப்பார்வை ஏற்படும். இரண்டரை டயாப்டர் என்றால் எவ்வளவு? ஒன்றை 2.5 ஆல் வகுத்துப் பாருங்கள்: 0.4 மீட்டர். அதாவது நாற்பது சென்டிமீட்டருக்கு அப்பால் உள்ள எதுவும் அந்தப் பிள்ளைக்குத் தெளிவாக இராது. மடியில் வைத்த புத்தகம் தெரியும். ஆசிரியையின் முகம் தெரியாது. ஒரு மில்லிமீட்டரில் இவ்வளவு இருக்கிறது.

இப்போது ஒரு கேள்வி எழ வேண்டும். பிறந்த குழந்தையின் கண், முன்னிருந்து பின்வரை சுமார் 17 மி.மீ. நீளமே உடையது. வளர்ந்தவரின் கண் 23.5 அல்லது 24 மி.மீ. இருக்கும். அப்படியானால் இடையில் ஆறேழு மில்லிமீட்டர் வளர்ந்திருக்கிறதே! மேலே சொன்ன கணக்கின்படி நாம் எல்லாருமே கையை நீட்டினால் விரல் தெரியாதவர்களாக அல்லவா ஆகியிருக்க வேண்டும்?

அப்படி ஆகாததற்குக் காரணம், கண் நீளும்போதே அதன் முன்பகுதியும் தன்னை மாற்றிக்கொள்வதுதான். கார்னியாவின் வளைவு முதல் ஆண்டுகளில் தட்டையாகிறது. விழிலென்ஸ் மெலிந்து தன் திறனை இழந்துகொண்டே வருகிறது. தாள் பின்னே போகப் போக, லென்சின் குவியமும் அதனோடு பின்னே போகிறது. தையற்காரர் உடம்பு வளர வளரத் தையலைப் பிரித்து விடுவது போல் என்று சொல்லலாமா? முழுவதும் பொருந்தாது, ஏனென்றால் இங்கே தையற்காரர் யாரும் இல்லை. கண்ணே தான் காணும் பிம்பத்தைக் கொண்டு தன் வளர்ச்சியை நடத்திக்கொள்கிறது. 1977-இல் டார்ஸ்டன் வீசல், எலியோ ரவியோலா என்னும் இரு அறிஞர்கள் குரங்குக் குட்டிகளின் இமைகளை மூடித் தைத்து வைத்தபோது, தெளிவான பிம்பம் கிடைக்காத அந்தக் கண்கள் அளவுக்கு மீறி நீண்டு கிட்டப்பார்வை அடைந்தன. கண்ணின் வளர்ச்சி, பார்க்கும் செயலோடு கட்டுண்டது என்பதற்கு இது வலுவான சான்றாயிற்று. கிட்டப்பார்வை பரம்பரையால் மட்டுமே வருவது என்ற எண்ணமும் இத்தகைய சோதனைகளால் தளர்ந்தது.

பிறக்கும்போது பெரும்பாலான குழந்தைகளுக்குச் சிறிதளவு தூரப்பார்வை இருக்கும். அதாவது கண் சற்றுக் குட்டையாகவே இருக்கும். சுமார் +2 டயாப்டர் என்று கொள்ளலாம். பள்ளிக்குச் செல்லும் ஆறு வயதில் அது குறைந்து +1 டயாப்டருக்கு மேல் நின்றால் நல்லது. சீனத்தில் மருத்துவர்களும் பெற்றோரும் இதற்கு வைத்திருக்கும் பெயர் நமக்கு மிகவும் பிடித்தது: ‘தூரப்பார்வைச் சேமிப்பு’. மாதச் சம்பளக்காரர் வீட்டுச் சேமிப்புப் புத்தகத்தைப் போலவே இதையும் எண்ணிக்கொள்ளுங்கள். கண் ஒவ்வொரு ஆண்டும் வளரும்போது சேமிப்பிலிருந்து சிறிது எடுக்கப்படுகிறது. சேமிப்பு தீர்ந்து −0.50 டயாப்டர் கடன் ஏறிவிட்டால் கிட்டப்பார்வை என்று மருத்துவர் எழுதுகிறார்.

இதில் உள்ள ஆபத்தைக் கவனிக்க வேண்டும். முதல் வகுப்பில் +1.50 உள்ள பிள்ளையும் +0.25 உள்ள பிள்ளையும் சுவரில் தொங்கும் எழுத்து அட்டையைக் கடைசி வரி வரை ஒன்றுபோலவே படிப்பார்கள். இருவருக்கும் ‘பார்வை நன்று’ என்றே சீட்டு கிடைக்கும். ஆனால் இரண்டாமவளின் பெட்டியில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. அமெரிக்கச் சிறுவர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து 2015-இல் வெளியான ஓர் ஆய்வும் இதையே கூறிற்று: ஆறு வயதில் +0.75 டயாப்டருக்குக் குறைவாக இருப்பது, பின்னாளில் கிட்டப்பார்வை வரும் என்பதற்குக் கிடைத்த மிக நல்ல முன்னறிவிப்பு.

அப்படியானால் எல்லாப் பிள்ளைகளுக்கும் டயாப்டரை அளந்துவிட வேண்டியதுதானே என்று கேட்கலாம். இங்கேதான் தொல்லை. சிறுவரின் விழிலென்ஸ் மிக நெகிழ்ச்சியானது. அளக்கும் கருவிக்குள் பார்க்கும்போதே அது குவிந்துகொண்டு, இல்லாத கிட்டப்பார்வையை இருப்பதாகக் காட்டிவிடும். உண்மையான அளவு வேண்டுமானால் சொட்டு மருந்து விட்டு லென்சின் தசையை ஓய்வுபெறச் செய்ய வேண்டும். மருந்து எரியும், அன்று முழுவதும் வெளிச்சம் கூசும், வீட்டுப் பாடம் எழுத முடியாது. (கடைசியாகச் சொன்னதைப் பலர் தொல்லையாக நினைக்கமாட்டீர்கள் என்பது வேறு!) ஆயிரம் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் ஒவ்வொருவருக்கும் மருந்து விட்டுக் காத்திருப்பது எளிதன்று; பெற்றோரும் இசைவதில்லை.

ஆகவே அறிஞர்கள் டயாப்டரை விட்டுக் காரணத்தையே அளக்கலாம் என்று திரும்பினர். கண்ணின் நீளத்தை நேரடியாக அளந்துவிட்டால் லென்ஸ் குவிந்தாலும் குவியாவிட்டாலும் கவலையில்லை. இதற்கு முதலில் பயன்பட்டது மீயொலி. கடல் ஆழத்தை எதிரொலியால் அளப்பது போல, கார்னியாவின் மேல் ஒரு சிறு கோலை வைத்து ஒலியலையைச் செலுத்தி, விழித்திரையிலிருந்து அது திரும்பும் நேரத்தைக் கொண்டு தூரத்தைக் கணிப்பர். ஆனால் கோல் கண்ணைத் தொட வேண்டும். மரத்துப்போகும் மருந்து வேண்டும். தொடுகையில் சற்று அழுந்தினாலும் கண் குட்டையாகக் காட்டும். சுமார் பத்தில் ஒரு மில்லிமீட்டர் பிழை வருவது இயல்பு. கிட்டப்பார்வை இல்லாத பத்து வயதுப் பிள்ளையின் கண் ஓராண்டில் வளர்வதே அவ்வளவுதான்! ஒரு அங்குலம் பிழை காட்டும் நாடாவால் ஆண்டுக்கு ஓர் அங்குலம் வளரும் பிள்ளையை அளந்தால் என்ன தெரியும்?

இந்நிலையை மாற்றியது ஒளி. ஒலிக்குப் பதிலாக அகச்சிவப்பு ஒளியைக் கண்ணுக்குள் அனுப்பி, கார்னியாவிலும் விழித்திரைப் பகுதியிலும் பட்டுத் திரும்பும் கதிர்களின் குறுக்கீட்டு விளைவைக் கொண்டு நீளத்தைக் கணக்கிடும் கருவியை ஜெர்மனியின் சைஸ் நிறுவனம் 1999-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. முதியவர்களுக்குக் கண்புரை அறுவையின்போது பொருத்தும் செயற்கை லென்சைத் தேர்ந்தெடுக்கவே அது செய்யப்பட்டது. ஆயினும் சிறுவர்களுக்கும் அது பெரிய உதவியாகிவிட்டது. பிள்ளை தாடையைத் தாங்கியில் வைத்து ஒரு சிறு விளக்கைப் பார்க்க வேண்டும். சில நொடிகளில் முடிந்துவிடும். கண்ணைத் தொடுவதில்லை, மருந்து இல்லை, வலி இல்லை. நூற்றில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அளவுக்குத் துல்லியம். இதன் பிறகுதான், பிள்ளைகளின் உயரத்தைக் கதவு நிலையில் கோடிட்டுக் குறிப்பது போல, கண்ணின் வளர்ச்சியையும் ஆண்டுதோறும் குறித்து வைக்க முடிந்தது.

சீனத்துக்கு இதில் ஏன் இவ்வளவு அக்கறை? அந்நாட்டு அரசு 2018-இல் எடுத்த கணக்கைப் பாருங்கள். சிறுவர், இளைஞர் அனைவரையும் சேர்த்து 53.6 சதவீதத்தினருக்குக் கிட்டப்பார்வை. ஆறு வயதினரில் 14.5 சதவீதம், தொடக்கப் பள்ளியில் 36, நடுநிலைப் பள்ளியில் 71.6, மேல்நிலைப் பள்ளியில் 81. பள்ளி வகுப்பு ஏற ஏற இவ்வெண்ணும் படியேறுவதைக் காண்கிறோம். மேல்நிலைப் பள்ளி வகுப்பறை ஒன்றில் பத்துப் பேரை எழுப்பி நிறுத்தினால் எட்டுப் பேருக்குக் கண்ணாடி தேவை. தாத்தா பாட்டி காலத்தில் அங்கு இந்நிலை இல்லை. இரண்டு தலைமுறைக்குள் மரபணு மாறிவிடாது. வாழும் முறை மாறிற்று: நீண்ட நேரப் படிப்பு, கல்லூரி நுழைவுத் தேர்வின் கெடுபிடி, வகுப்பு முடிந்த பின் மீண்டும் தனி வகுப்பு, வெயிலே படாத பகல்கள்.

சீனத்துப் பள்ளிகளில் 1960-களிலிருந்தே ‘கண் பயிற்சி’ என்று ஒன்று உண்டு. ஒலிபெருக்கியில் இசை ஒலிக்க, பிள்ளைகள் எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு புருவத்தையும் மூக்கின் அடியையும் விரலால் அழுத்தித் தேய்ப்பர். பல தலைமுறை இதைச் செய்துவந்தது. கிட்டப்பார்வையோ பெருகிக்கொண்டே வந்தது. ஓய்வு கிடைக்கிறதே என்ற அளவில் அதை யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் அது கிட்டப்பார்வையைத் தடுக்கிறது என்பதற்குத் தெளிவான சான்று கிட்டவில்லை.

2018 ஆகஸ்டு மாதம் சீன அரசின் எட்டுத் துறைகள் சேர்ந்து ஒரு திட்டம் வெளியிட்டன. முதல் இரண்டு வகுப்புகளுக்கு எழுத்து வீட்டுப் பாடமே கூடாது. மூன்று முதல் ஆறாம் வகுப்பு வரை ஒரு மணி நேரத்துக்கு மிகக் கூடாது. ஒவ்வொரு பிள்ளைக்கும் பார்வைப் பதிவேடு வேண்டும் என்றெல்லாம் அதில் கண்டிருந்தது. 2030-க்குள் ஆறு வயதினரில் கிட்டப்பார்வை 3 சதவீத அளவிலும், மேல்நிலைப் பள்ளியில் 70 சதவீதத்துக்குக் கீழும் இருக்க வேண்டும் என்பது இலக்கு. 2022-இல் மொத்த எண் 51.9 சதவீதம். இறங்கியிருக்கிறது, ஆனால் மெல்லத்தான்.

இனி அளவீட்டுக்கு வருவோம். ஊஹான் நகரப் பள்ளிகளில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சிறுவர் சிறுமியரின் கண்களை அளந்து, 2019-இல் வளர்ச்சிக் கோடுகள் வரைந்து வெளியிட்டனர். பின்னர் ஷாங்காய் நகரத்துப் பிள்ளைகளைக் கொண்டு நான்கு முதல் பதினெட்டு வயது வரைக்குமான கோடுகள் வந்தன. குழந்தை நல மையத்தில் எடைக்கு வைத்திருக்கும் அட்டையைத் தாய்மார்கள் பார்த்திருப்பீர்கள், அதே போன்றதுதான். ஒரே வயதுள்ள நூறு சிறுமியரைக் கண்ணின் நீளப்படி குட்டையிலிருந்து நீளத்துக்கு வரிசையாக நிறுத்துவதாக வைத்துக்கொள்வோம். ஐம்பதாவதாக நிற்பவளின் அளவு நடுக்கோடு. எழுபத்தைந்தாவது, தொண்ணூறாவது என்று மேற்கோடுகள்.

இந்த அட்டையைப் படிப்பதில் மூன்று நுட்பங்கள் உண்டு. முதலாவது நம் பள்ளிக்கு மிகவும் பொருத்தமானது. பெண் பிள்ளைகளின் கண், அதே வயது ஆண் பிள்ளைகளின் கண்ணைவிடச் சராசரியாக அரை மில்லிமீட்டர் குட்டை. அப்படியானால் பெண்களுக்குக் கிட்டப்பார்வை குறைவாக இருக்க வேண்டும் அல்லவா? சீனத்துக் கணக்குகளில் பெரும்பாலும் பெண்களுக்கே அதிகம்! புதிர் போல் தோன்றினாலும் விடை எளிது. பெண்களின் கார்னியா சற்று அதிகமாக வளைந்தது. ஆகவே அதன் குவியம் முன்னாலேயே விழுகிறது. அவர்களுக்குக் குட்டையான கண்ணே அளவான கண். தம்பிக்குப் போதுமான அளவு அக்காவுக்கு மிகையாகிவிடும். ஒரே அட்டையை இருவருக்கும் வைத்தால் சிறுமியின் ஆபத்து மறைந்துவிடும். அதனால்தான் ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனி அட்டை.

இதே காரணத்தால், நீளத்தைக் கார்னியாவின் வளைவு ஆரத்தால் வகுத்துப் பார்ப்பதும் வழக்கம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டு சிறுமியருக்குமே கண் 23.2 மி.மீ. என்று கொள்வோம். முதலாமவளின் கார்னியா ஆரம் 7.9 மி.மீ.; வகுத்தால் 2.94. இரண்டாமவளின் ஆரம் 7.6 மி.மீ.; வகுத்தால் 3.05. இந்த விகிதம் 3-ஐத் தாண்டினால் கிட்டப்பார்வை இருக்கலாம் என்ற ஐயம் எழும். நீளம் ஒன்றே, ஆனால் ஒருத்தி கரையில் நிற்கிறாள், மற்றவள் தண்ணீரில் கால் வைத்துவிட்டாள்.

இரண்டாவது நுட்பம், ஓர் அளவு ஒரு நிழற்படம் போன்றது. வளர்ச்சியை அறிய இரண்டாவது அளவு வேண்டும். மறுபடியும் இரு சிறுமியரைக் கற்பனை செய்வோம். ஒருத்திக்கு ஏழு வயதில் 23.3, எட்டில் 23.4, ஒன்பதில் 23.5. மற்றவளுக்கு 22.4, 22.6, 23.0. கண் நீளம் என்று பார்த்தால் முதலாமவள்தான் மூன்று ஆண்டும் முன்னால் நிற்கிறாள். ஆனால் அவள் தன் கோட்டிலேயே அமைதியாகப் போகிறாள். மற்றவள் முதலில் 0.2, அடுத்து 0.4 என்று தாவி, கோடு விட்டுக் கோடு ஏறுகிறாள். மருத்துவர் கவலைப்பட வேண்டியது இவளைப் பற்றியே. ஆறேழு வயதில் ஆண்டுக்குச் சுமார் 0.2 மி.மீ. வளர்வது இயல்பு, வயது ஏற ஏற அது 0.1-க்கு இறங்க வேண்டும். 0.3-ம் அதற்கு மேலும் காணும்போது கண் அவசரப்படுகிறது என்று கொள்கின்றனர். இந்த 0.3 எவ்வளவு? உங்கள் நோட்டுப் புத்தகத்தில் மூன்று தாளைச் சேர்த்துப் பிடித்துப் பாருங்கள், அவ்வளவு கனம்தான்.

இந்த வேகமே முன்னறிவிப்பு. அமெரிக்காவில் 2007-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, கிட்டப்பார்வை வெளிப்படுவதற்கு முந்திய ஆண்டிலேயே கண் மிக விரைந்து நீள்வதைக் காட்டியது. சிங்கப்பூரில் பள்ளிப் பிள்ளைகளை, அவர்களுள் பெரும்பாலோர் சீன வம்சாவளியினர், ஆண்டுக்கணக்கில் அளந்தவர்கள் இன்னொன்றையும் கண்டனர். கண் நீளும்போது விழிலென்ஸ் தன் திறனைக் குறைத்து ஈடு செய்வதை முன்பே சொன்னோம். கிட்டப்பார்வையை நோக்கிச் செல்லும் கண்ணில் லென்ஸ் முதலில் கூடுதலாகவே ஈடு கொடுக்கிறது. பிறகு ஒரு கட்டத்தில் அந்த ஈடு சட்டெனக் குறைந்துவிடுகிறது. அப்போதுதான் கரும்பலகை மங்குகிறது. ஆக, பார்வை நன்றாக இருந்த காலத்திலேயே கண் நீண்டுகொண்டிருந்தது; லென்ஸ் அதை மூடி மறைத்து வந்தது. எழுத்து அட்டையால் இதைக் காண முடியாது. நீள அளவால் காண முடியும்.

மூன்றாவது நுட்பத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறோம். ஏனெனில் இதில் படித்தவர்களும் தவறுகின்றனர். எடை அட்டையில் நடுக்கோட்டில் உள்ள குழந்தை நலமானது என்று நாம் நம்புகிறோம். கண் அட்டையில் அப்படி நம்பலாமா? ஷாங்காய் நகரில் பதினைந்து வயதுப் பிள்ளைகள் நூறு பேரை வரிசையில் நிறுத்தினால், அவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே கிட்டப்பார்வை உடையவர்கள். அப்படியானால் நடுவில் நிற்கும் ஐம்பதாவது பிள்ளையும் அவர்களில் ஒருத்தியே! ‘உங்கள் மகள் நடுக்கோட்டில் இருக்கிறாள்’ என்ற சொல் ஆறு வயதில் ஆறுதல். பதினைந்து வயதில் அது ‘உங்கள் மகளும் எல்லாரையும் போல’ என்று சொல்வதே தவிர ‘நலம்’ என்று சொல்வதாகாது. இதனால் சீன மருத்துவர்கள் கிட்டப்பார்வை அடையாத பிள்ளைகளை மட்டும் பிரித்தெடுத்தும் அளவுகளை ஆராய்கின்றனர். ஐரோப்பியப் பிள்ளைகளுக்கு 2018-இல் வந்த அட்டையை அப்படியே சீனப் பிள்ளைகளுக்கு இரவல் வாங்குவதும் சரிப்படாது. உடலமைப்பும் வேறு, கிட்டப்பார்வையின் பெருக்கமும் வேறு.

அளப்பதிலும் கவனம் தேவை. கண்ணின் நீளம் காலைக்கும் மாலைக்கும் சில நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் வேறுபடும். ஒரு கருவிக்கும் மற்றொரு கருவிக்கும் சிறு வேற்றுமை இருக்கலாம். ஒரே கருவியில், ஏறக்குறைய ஒரே வேளையில், ஆறு மாத இடைவெளி விட்டு அளப்பதே பயன் தரும். மாதந்தோறும் பிள்ளையை இழுத்துச் சென்று எண்ணைப் பார்த்து வருந்துவதில் பொருளில்லை.

முன்கூட்டி அறிந்து என்ன செய்ய முடியும்? குவாங்சோ நகரில் 2010-இல் தொடங்கிய ஒரு பெரிய சோதனையைச் சொல்ல வேண்டும். பன்னிரண்டு தொடக்கப் பள்ளிகள். ஏறக்குறைய 1,900 முதல் வகுப்புப் பிள்ளைகள். ஆறு பள்ளிகளில் தினமும் வகுப்பு முடிந்ததும் நாற்பது நிமிடம் வெளியே திறந்த வெளியில் கூடுதலாகச் செலவிடச் செய்தனர். மற்ற ஆறு பள்ளிகள் வழக்கம்போல் நடந்தன. மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு கணக்கெடுத்தபோது, வெளியே சென்ற பிள்ளைகளில் 30.4 சதவீதத்தினருக்குப் புதிதாகக் கிட்டப்பார்வை வந்திருந்தது, செல்லாதவர்களில் 39.5 சதவீதம். மருந்தில்லாமல், செலவில்லாமல், நூற்றுக்கு ஒன்பது பிள்ளைகள் தப்பினர். திறந்த வெளியின் பிரகாசமான ஒளி விழித்திரையில் டோபமின் என்னும் பொருளைச் சுரக்கச் செய்கிறது. அது கண்ணின் நீட்சிக்குத் தடை போடுகிறது என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. கண் கெட்ட பின் சூரிய நமஸ்காரம் என்று நம் பாட்டிமார் சொல்வதுண்டு. கெடுவதற்கு முன்பே செய்திருக்க வேண்டியது அதுதான் போலும்!

ஆனால் இதே சோதனையில் கண் நீளத்தையும் அளந்தார்கள். அந்த முடிவை மறைக்காமல் சொல்ல வேண்டும். வெளியே சென்றவர்களின் கண் மூன்றாண்டில் 0.95 மி.மீ. வளர்ந்தது, செல்லாதவர்களுடையது 0.98 மி.மீ. வேற்றுமை 0.03 மட்டுமே. தற்செயலாகவும் இவ்வளவு வரலாம் என்று ஆய்வாளர்களே ஒப்புக்கொண்டனர். டயாப்டரில் தெரிந்த நன்மை மில்லிமீட்டரில் தெளிவாகத் தெரியவில்லை. நமக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். ஆயினும் கண் நீளம் என்ற ஒரே எண்ணைத் தெய்வ வாக்காகக் கொள்ளக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. கார்னியா, லென்ஸ், வயது, பால், பெற்றோரின் கண் ஆகிய எல்லாவற்றோடும் சேர்த்துத்தான் அந்த எண் பேசும்.

மருந்தும் உண்டு. ஹாங்காங்கில் நான்கு முதல் ஒன்பது வயதுவரை உள்ள, இன்னும் கிட்டப்பார்வை வராத பிள்ளைகளுக்கு இரவில் அட்ரோபின் சொட்டு மருந்தை மிகக் குறைந்த அளவில் விட்டு, 2023-இல் முடிவை வெளியிட்டனர். 0.05 சதவீத மருந்து பெற்றவர்களில் இரண்டாண்டில் 28.4 சதவீதத்தினருக்குக் கிட்டப்பார்வை வந்தது; மருந்தில்லாத சொட்டைப் பெற்றவர்களில் 53 சதவீதம். நலமாக இருக்கும் பிள்ளைக்கு ஆண்டுக்கணக்கில் மருந்து விடுவதா என்ற கேள்வி நியாயமானதே. யாருக்கு அது உண்மையில் வேண்டும் என்று தேர்ந்தெடுக்கத்தான் கண் அளவு பயன்படுகிறது. தம் பிள்ளைக்கு இதைத் தாமே வாங்கி விடலாம் என்று எந்தப் பெற்றோரும் எண்ண வேண்டா; அது மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டியது.

இவ்வளவு பாடுபடுவது கண்ணாடி அணியாமல் இருக்கும் அழகுக்காக அன்று. கண் 26 மி.மீ.க்கு மேல் நீண்டுவிட்டால் விழித்திரை இழுபட்டு மெலிகிறது. நாற்பது ஐம்பது வயதில் அது கிழியலாம், நடுப்பகுதி நைந்துபோகலாம், கண் அழுத்த நோயும் வரலாம். கண்ணாடி பிம்பத்தைச் சரியான இடத்தில் விழச் செய்யுமே தவிர, மெலிந்த திரையைத் தடிமனாக்காது. சீனத்தில் பெரியவர்களின் மீளாத பார்வையிழப்புக்கு முன்னணிக் காரணங்களுள் ஒன்றாக இது நிற்கிறது. எட்டு வயதில் கிட்டப்பார்வை தொடங்கும் பிள்ளைக்கும் பதினான்கில் தொடங்கும் பிள்ளைக்கும் உள்ள வேற்றுமை இங்கேதான் வெளிப்படும்: முன்னவளின் கண் நீள்வதற்கு ஆறு ஆண்டுகள் கூடுதலாகக் கிடைத்துவிடுகின்றன. கோவிட் தொற்றின்போது பிள்ளைகள் வீட்டுக்குள் அடைந்திருந்ததன் பின், ஷாண்டோங் மாநிலத்து ஃபெய்செங் நகரில் 2020-இல் ஆறு வயதினரைச் சோதித்தபோது 21.5 சதவீதத்தினரிடம் கிட்டப்பார்வையின் அறிகுறி காணப்பட்டது. அதற்கு முந்திய ஐந்து ஆண்டுகளில் எந்த ஆண்டும் அது 5.7 சதவீதத்தைத் தாண்டவில்லை. சொட்டு மருந்து விடாமல் எடுத்த கணக்கு என்பதால் எண்ணைச் சற்றுத் தள்ளுபடி செய்துதான் கொள்ள வேண்டும். தள்ளுபடி செய்த பிறகும் மிச்சம் இருப்பது சிறிதன்று.

கடைசியாக ஒன்று. மேலே சொன்ன கருவிகளும் அட்டைகளும் ஷாங்காய், குவாங்சோ போன்ற பெருநகரப் பிள்ளைகளுக்கு எளிதில் கிட்டுபவை. வடமேற்கே கான்சு மாநிலத்துத் தியான்சுய், ஷான்சி மாநிலத்து யூலின் ஆகிய வட்டாரங்களில் 252 தொடக்கப் பள்ளிகளை எடுத்துக்கொண்டு ஓர் ஆய்வு நடத்தி 2014-இல் வெளியிட்டனர். அங்கே நான்காம், ஐந்தாம் வகுப்பில் கண்ணாடி தேவைப்பட்ட பிள்ளைகளுள் ஏற்கெனவே அணிந்திருந்தவர்கள் நூற்றுக்குச் சுமார் பதினைந்து பேரே. மற்றவர்கள் மங்கிய கரும்பலகையைப் பார்த்தபடியே படித்து வந்தனர். கண்ணாடி போட்டால் கண் கெட்டுவிடும் என்ற நம்பிக்கை அப்பகுதி வீடுகளில் பரவலாக இருந்தது. ஆய்வாளர்கள் சில பள்ளிகளில் கண்ணாடிச் சீட்டு மட்டும் கொடுத்தனர். சில பள்ளிகளில் இலவசமாகப் பெற்றுக்கொள்ள ஒரு வில்லை கொடுத்தனர். சில பள்ளிகளில் கண்ணாடியையே கொண்டுவந்து பிள்ளைகளின் கையில் கொடுத்தனர். கல்வியாண்டின் இறுதியில் எல்லாருக்கும் ஒரே கணக்குத் தேர்வு வைத்தார்கள். கண்ணாடி கையில் கிடைத்த பிள்ளைகள், வெறும் சீட்டு மட்டும் பெற்றவர்களைவிடக் கூடுதல் மதிப்பெண் பெற்றிருந்தனர்.